பாட்டு ஏன் காதைக் குத்துகிறது?

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நம்மவர் வீடுகளில் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. ஒன்று, மாவரைக்கும் கல், அல்லது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட இயந்திரம். மற்றொன்று, பாட்டுக் கேட்பதற்கு ஒரு பெட்டி. அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் செலுத்தி வால்வு ரேடியோ வைத்திருந்த பெரியவர்களும் நம்மிடையே உண்டு; கைபேசியிலிருந்து கம்பியில்லாமலே பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிள்ளைகளும் உண்டு. கருவி மாறினாலும் அதன் வேலை மாறவில்லை. மராத்தியும் இந்தியும் ஒலிக்கும் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், தம்பூராவின் சுருதி நம்மை ஒரு கணத்தில் ஊருக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது.

ஆகவே, பழைய பெட்டியை மாற்றிப் புதிய ஹை-ஃபை சாதனம் வாங்குவது நம் குடும்பங்களில் சிறிய காரியமன்று. பணம் சேர்த்து, நாலு பேரைக் கேட்டு, நல்ல நாள் பார்த்து வாங்குகிறோம். வாங்கிய பிறகு, “பழையதே தேவலை, இது காதைக் குத்துகிறது” என்று வீட்டில் ஒரு குரல் எழுமானால் என்ன செய்வது? எங்கள் இல்லத்தில் அந்தக் குரல் எழுந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அவற்றுள் நான்கு மாதங்கள் எங்கள் பிடிவாதத்தால் வீணானவை. வேறு குடும்பங்களுக்கு அந்த வீண் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

செம்பூரில் நாங்கள் நெடுங்காலம் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்து, அதே மனையில் புதிய அடுக்குமாடி எழுப்பினார்கள். புது வீட்டுக்குள் புகுந்தபோது, தந்தையார் 1980களில் வாங்கிய ஆம்ப்ளிஃபையருக்கும் இரண்டு கனத்த ஸ்பீக்கர்களுக்கும் ஓய்வு கொடுத்தோம். புதிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், உலோகத் தகட்டாலான ட்வீட்டர் பொருத்திய ஒல்லியான ஸ்பீக்கர்களும் வந்து சேர்ந்தன. இசைத்தட்டுச் சுழற்றும் பிளேயரை மட்டும் மாற்றவில்லை. அது தந்தையார் தம் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது. அவர் மறைந்த பிறகு அதை அகற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் மாலை எங்களுக்குப் பெரும் பூரிப்பு. மிருதங்கத்தில் விரல் படும் இடம்கூடத் தெரிவதாகத் தோன்றியது. பாடகர் மூச்சு வாங்குவது கேட்டது. இத்தனை நாளாக இவையெல்லாம் எங்கே ஒளிந்திருந்தன என்று வியந்தோம்.

எங்கள் தாயாருக்கு வயது 79. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். காலையில் குளித்துவிட்டு வந்து ஓர் இசைத்தட்டைக் கேட்பது அவருடைய நெடுநாளைய வழக்கம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதமும், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் அவருக்கு உயிர். புதிய சாதனம் வந்த மறுவாரமே, இசைத்தட்டு பாதி ஓடும்போது எழுந்து போக ஆரம்பித்தார். ஒரு நாள் கீரை ஆய வேண்டும் என்றார். மற்றொரு நாள் முதுகு வலி என்றார். வற்புறுத்திக் கேட்டபோதுதான், “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. எனக்குத்தான் காதுல குத்துது” என்றார். ஒரு மாதம் சென்றதும் இசைத்தட்டுப் போடச் சொல்வதையே விட்டுவிட்டார். சமையலறையில் பழைய டிரான்சிஸ்டரை மெதுவாக வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் போன தவறான வழிகள்

முதலில் சாதனம் வாங்கிய கடைக்குப் போனோம். புதுச் செருப்புப் போலப் புது ஸ்பீக்கரும் பழகவேண்டும், நூறு மணி நேரம் ஓடட்டும் என்றார்கள். ஓடவிட்டோம். ஸ்பீக்கரின் அசையும் பாகங்கள் முதலில் சற்று விறைப்பாயிருந்து பிறகு தளர்வது உண்மைதான். ஆயினும் அந்த மாறுதல் சிறியது. நூறு மணி நேரத்தில் அதிகம் பழகிப்போனவை எங்கள் காதுகளே. தாயாரின் காது பழகவில்லை.

இரண்டாம் முறை போனபோது, ஸ்பீக்கர்க் கம்பி மட்டமானது, அதை மாற்றினால் கடுமை போய்விடும் என்றார்கள். எட்டாயிரம் ரூபாய்க்குக் கம்பி வாங்கினோம். கம்பி பார்வைக்கு மிக அழகாயிருந்தது. ஒலியில் எவ்வித மாற்றமும் தெரியவில்லை. வீட்டு அறையில் பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குப் போதிய பருமனுள்ள சாதாரணச் செம்புக் கம்பி சரியாக இணைக்கப்பட்டிருந்தால் அதுவே போதும். இந்தப் பாடத்துக்கு நாங்கள் கொடுத்த கட்டணம் சற்று அதிகம்.

மூன்றாவதாக, தாயாரைக் காது வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். பரிசோதனையில், உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் வயதுக்கேற்பக் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. “அப்படியானால் குறை காதில்தான் இருக்கிறது; பெட்டியில் இல்லை” என்று முடிவு கட்டினோம். அந்த முடிவு எங்களுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. அது தவறு என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

உட்கார்ந்து பார்த்த நண்பர்

வானொலித் துறையில் பொறியாளராயிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னோம். சாதனத்தின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாயாரிடம் போய், “அம்மா, நீங்க பாட்டுக் கேக்கறப்ப எங்கே உட்காருவீங்க?” என்று கேட்டார். தாயார் ஜன்னலோரமிருந்த தம் பிரம்பு நாற்காலியைக் காட்டினார். நண்பர் அதில் உட்கார்ந்து, இசைத்தட்டைப் போடச் சொன்னார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்து, “சார், நீங்க ஒரு நாளாவது இங்கே உட்கார்ந்து கேட்டதுண்டா?” என்றார்.

இல்லை. ஐந்து மாதத்தில் எங்களில் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சோபாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதம் செய்துகொண்டிருந்தோம். அன்று உட்கார்ந்து பார்த்தோம். வலது ஸ்பீக்கரின் ட்வீட்டர் அந்த நாற்காலியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். சுப்ரபாதத்தில் ‘ஸ’கரம் வருமிடமெல்லாம் ஊசி முனை போல வந்து தைத்தது.

பிறகு நண்பர் எங்களுக்கு இரண்டு விதிகள் சொன்னார். குறை சொல்பவர் எங்கிருந்து கேட்கிறாரோ அங்கிருந்து கேட்கவேண்டும் என்பது முதல் விதி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதே பாட்டை, அதே உரப்பில் கேட்டு, விளைவை ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்பது இரண்டாவது. உரப்பு ஒன்றாயிருப்பது முக்கியம். சற்று உரத்துக் கேட்பது எப்போதும் முதலில் நல்லதாகத் தோன்றிப் பிறகு களைப்பைத் தரும். நாங்களோ வீட்டையும் சாதனத்தையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு, குற்றத்தைச் சாதனத்தின் மேல் மட்டும் சுமத்தியிருந்தோம். செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கி வரிசையாகப் போனோம். அந்த வரிசையையே இங்கே தருகிறோம்.

அறையும் ஒரு வாத்தியமே

அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே அடங்கினால் நன்று. ‘டிர்ர்’ என்று உலோகம் அதிர்வது போல ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடப்படுகிறது என்று பொருள். எங்கள் புது வீட்டில் அந்த வால் நீளமாகவே இருந்தது.

பழைய வீட்டில் சுவரெங்கும் புத்தக அலமாரி, மூலையில் சுருட்டி வைத்த மெத்தைகள், கொடியில் துணி, ஜன்னலில் கனத்த திரை. அவையெல்லாம் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. புது வீட்டிலோ வழவழப்பான தரைக் கல், வெறும் சுவர், பெரிய கண்ணாடி. மெருகேற்றிய தரைக் கல் தன்மேல் விழும் ஒலியில் 100-க்கு 98 பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலிக்குப் பின், சுவரில் பட்டு ஒன்றிரண்டு மீட்டர் சுற்றி வரும் ஒலி, ஒரு விநாடியின் 1000-ல் மூன்று முதல் ஆறு பங்குக்குள் வந்து சேர்ந்துவிடும். அவ்வளவு நெருங்கி வருவதைக் காது எதிரொலி என்று பிரித்தறிவதில்லை; மூல ஒலியோடு சேர்த்தே கேட்டு, ‘இந்தக் குரல் கடுமை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒருவர் வழக்கமான இடத்தில் உட்கார வேண்டும். மற்றொருவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகவேண்டும். எந்த இடத்தில் அந்தக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்புகிறது. நாங்கள் அவ்விடத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்துக் கேட்டோம். பாதிக் கடுமை அப்போதே குறைந்தது. மெத்தையை என்றும் கூடத்தில் நிறுத்திவைக்க முடியாதல்லவா? ஜன்னலுக்கு இரட்டை மடிப்புள்ள கனத்த திரை தைத்துப் போட்டோம். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி வந்தது.

ஓர் எச்சரிக்கை: இப்படிப்பட்ட துணிகள் உயர்ந்த சுரங்களை மட்டுமே அடக்கும், தாழ்ந்த சுரங்களை அடக்கமாட்டா. அளவுக்கு மிஞ்சிப் போர்த்தினால் பாட்டு உயிரிழந்து, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் முழங்கும். கைதட்டினால் வால் நீளாத அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர் எங்கே பார்க்கிறது?

தாழ்ந்த சுரங்கள் ஸ்பீக்கரிலிருந்து நாற்புறமும் பரவுகின்றன. உயர்ந்த சுரங்கள் டார்ச் விளக்கின் ஒளியைப் போல நேர்முகமாகப் போகின்றன. ஆகையால் ட்வீட்டர் காதுக்கு நேராக நோக்கினால் கூர்மை மிகும். சற்று விலகி நோக்கினால் தணியும். காசு செலவில்லாத வைத்தியம் இது. ஸ்பீக்கர்களை உள்முகமாகத் திருப்பி வைத்திருந்தோம். அவற்றை நேராக்கி, பின் சற்று வெளிப்புறமாகவும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கேட்டோம். ஒரு கையகலம் திருப்பியதில் ஏற்பட்ட மாறுதல், எட்டாயிரம் ரூபாய்க் கம்பியில் ஏற்படவில்லை.

உயரமும் கவனிக்கத்தக்கது. நாற்காலியில் அமர்ந்தவரின் காது தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரத்தில் இருக்கும்; தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் காது அதைவிடத் தாழ்ந்திருக்கும். நம் வீடுகளில் ஒரே பாட்டைச் சிலர் நாற்காலியிலும் சிலர் தரையிலும் இருந்து கேட்கிறார்கள். இருவருக்கும் ஒரே ஒலி கிட்டாது. ஸ்பீக்கரை டெலிவிஷன் அலமாரியின் உள்ளே திணிப்பதும் நன்றன்று. அலமாரிப் பலகையில் பட்டு ஒலி கலங்கும். ஓரடியாவது சுவரை விட்டு முன்னே இழுத்து, திடமான முக்காலியின் மேல் வைப்பது நல்லது.

இணைப்பையும் பார்த்துவிட வேண்டும். ஸ்பீக்கருக்குச் செல்லும் இரண்டு கம்பிகளில் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால், இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றையொன்று எதிர்த்து இயங்கும். பாஸ் ஒலி வற்றிப்போகும். குரல் நடுவில் நில்லாமல் அறையெங்கும் சிதறும். கனம் இழந்த ஒலியைக் காது கடுமை என்றே உணரும். ஒரு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் கரகரப்பு வந்தால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, இடம் வலமாகக் கம்பிகளை மாற்றிப் பாருங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரில் தங்கினால் பழுது ஸ்பீக்கரில். மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் பழுது அதற்கு முன்னால் உள்ள கருவிகளில்.

தந்தையார் இட்ட சிவப்புப் புள்ளி

தந்தையாரின் பழைய ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் குமிழின் அருகே சிவப்பு மையால் ஒரு புள்ளி இருக்கும். கடிகாரத்தில் மூன்று மணி இருக்குமிடம் அது. அந்தப் புள்ளியைத் தாண்டி எவரும் குமிழைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். புதிய ஆம்ப்ளிஃபையர் வந்ததும், நாங்களும் யோசிக்காமல் குமிழை அதே மூன்று மணிக்குத் திருப்பி வைத்தோம்.

தந்தையார் செய்தது சரியே. பழைய ஸ்பீக்கர்களில் உயர்ந்த சுரங்கள் மங்கலாக வந்தன. அந்தக் குறையை ஈடு செய்யவே அவர் குமிழை ஏற்றினார். குறையே இல்லாத ஸ்பீக்கருக்கு அதே மருந்தைக் கொடுத்தது எங்கள் பேதைமை. ட்ரெபிள் குமிழை முழுவதும் திருகினால் 10 டெசிபெல் வரை கூடுவது வழக்கம். 10 டெசிபெல் என்பது உயர்ந்த சுரங்களுக்குப் பத்து மடங்கு மின்சக்தியைக் கொடுப்பதற்குச் சமம். குமிழை நடுவில், பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்தோம். தாயார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

‘லவுட்னெஸ்’ என்ற பொத்தானும் இப்படித்தான். மெதுவாகக் கேட்கும்போது தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் காதுக்குக் குறைவாகப் படுகின்றன என்பதை அமெரிக்காவில் ஃப்ளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-ல் அளந்து காட்டினார்கள். அதை ஈடு செய்ய ஏற்பட்டது இந்தப் பொத்தான். உரக்கக் கேட்கும்போது அது தேவையில்லை. பழக்கத்தால் என்றும் அழுத்தியே வைத்திருப்பவர்கள் ஒரு முறை விடுவித்துக் கேட்கட்டும். கைபேசியின் பாட்டுச் செயலிக்குள்ளும் ‘ஈக்வலைசர்’ என்று ஒரு பகுதி உண்டு. வீட்டுப் பிள்ளைகள் என்றோ அதில் எதையாவது ஏற்றி வைத்திருப்பார்கள். அதையும் பார்த்துவிடுவது நல்லது.

முள் தேய்ந்த கதை

இவ்வளவும் செய்த பிறகும், கைபேசி வழியே வந்த பாட்டு இதமாயிற்று. இசைத்தட்டில் மட்டும் ‘ஸ’கரத்தின் சீறல் நீங்கவில்லை. நண்பர் ஒரு சோதனை சொன்னார். தட்டின் ஆரம்பத்தையும் முடிவையும் ஒப்பிட்டுக் கேளுங்கள் என்றார். முடிவை நெருங்க நெருங்கச் சீறல் மிகுந்தது. “அப்படின்னா அறை இல்லை, சார், முள்ளைப் பாருங்க” என்றார்.

காரணம் இதுதான். எல்.பி. இசைத்தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாக, மாறாத வேகத்தில் சுழல்கிறது. வெளி ஓரத்தில் முள்ளின் அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள பள்ளம் ஓடுகிறது. உள் ஓரத்தில் சுமார் 20 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை அந்தச் சிறிய நீளத்தில் நெருக்கி எழுதவேண்டியிருப்பதால், பள்ளத்தின் நெளிவுகள் நுணுக்கமாகிவிடுகின்றன. தேய்ந்த முள்ளால் அவற்றைப் பின்தொடர முடியாது. அறையின் குறையானால் தட்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். முடிவில் மிகுமானால் முள்ளோ, முள்ளைத் தாங்கும் கையின் அமைப்போ காரணம்.

வைர முள்ளுக்கு ஆயுள் 500 முதல் 1000 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. நாள்தோறும் ஓர் எல்.பி. தட்டின் இரு பக்கங்களும் கேட்டால், 40 நிமிஷ வீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 240 மணி நேரம் ஆகிறது. அதாவது, நான்கு ஆண்டுகளுக்குமேல் ஒரு முள் தாங்காது. எங்கள் முள்ளுக்கு வயது பதினொன்று! பழைய ஸ்பீக்கர்கள் அந்தத் தேய்மானத்தை மறைத்துக் காப்பாற்றி வந்தன. புதியவை காட்டிக் கொடுத்துவிட்டன. இதில் வருந்தத்தக்கது இன்னொன்று உண்டு. தேய்ந்த முள் ஒலியைக் கெடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு முறையும் தட்டையும் கொஞ்சம் கீறிவிடுகிறது. முள்ளை மாற்றலாம், தந்தையார் சேர்த்த தட்டுகளை எங்கே போய் வாங்குவது?

புது முள்ளை லாமிங்டன் சாலையில் தேடி வாங்கிவந்து பொருத்தினோம். முள்ளின் பாரம் எத்தனை கிராம் என்று அதைச் செய்தவர்களே குறிப்பிட்டிருப்பார்கள். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ணி அதற்கும் கீழே குறைப்பது தவறு. பாரம் போதாத முள் பள்ளத்தில் படியாமல் துள்ளித் துள்ளித் தட்டைக் காயப்படுத்தும். 78 சுற்றுத் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் பள்ளம் அகலமானது. அங்குலத்தின் 1000-ல் மூன்று பங்கு பருமனுள்ள முனை வேண்டும். எல்.பி. முள்ளின் முனை ஒரு பங்குக்கு மேற்படாது. அதைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலை வாரிக்கொண்டு வரும்.

பிளேயரை எங்கே செருகுகிறோம் என்பதும் முக்கியம். காந்த வகை முள்ளிலிருந்து வரும் மின்னோட்டம் மிக நலிந்தது. சுமார் 5 மில்லிவோல்ட். ஸி.டி. பிளேயரிலிருந்து வருவது சுமார் 2 வோல்ட். அதாவது நானூறு மடங்கு. மேலும், தட்டில் எழுதும்போதே தாழ்ந்த சுரங்களைக் குறைத்து உயர்ந்தவற்றைக் கூட்டி எழுதியிருப்பார்கள். ‘ஃபோனோ’ என்ற துளை அதைத் திருப்பிச் சமன் செய்கிறது. அத்துளை வழியே போகாமல் ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் ஒலி மெலிந்து, தகரம் போலக் கீச்சிடும். ஸி.டி. பிளேயரைத் தவறி ஃபோனோவில் செருகினாலோ, தாங்கமாட்டாத ஒலி உடைந்து அலறும்.

சக்தி போதாத குறை

சில வீடுகளில் மெதுவாகக் கேட்டால் எல்லாம் சரியாயிருக்கும். உரக்க வைத்தால்தான் கடுமை தோன்றும். தனி ஆவர்த்தனத்தின் முடிவில், எல்லோரும் சேர்ந்து பாடுமிடத்தில், ஒலி பிளவுபடும். அது ஆம்ப்ளிஃபையர் மூச்சுத் திணறுவதன் அறிகுறி. தன் சக்திக்கு மேல் கேட்கும்போது, அது ஒலியலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில், மூலப் பாட்டில் இல்லாத உயர்ந்த ஒலிகள் பிறக்கின்றன. ட்வீட்டர் எரிந்துபோவதும் பல சமயம் இதனால்தான்.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றியவர்களுக்கு இது நேர்வதுண்டு. பழைய ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 91 டெசிபெல் கொடுத்து, புதியது 85 மட்டும் கொடுக்குமானால், அதே உரப்புக்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும். இருபது வாட் போதுமாயிருந்த இடத்தில் எண்பது வாட் கேட்கும். வாங்குமுன் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டால் பிற்பாடு துன்பமில்லை.

கடைசியாக, பாட்டே எப்படி வருகிறது என்று பார்க்கவேண்டும். ஸி.டி. தட்டில் விநாடிக்குச் சுமார் 14 லட்சம் இலக்கத் துணுக்குகள் பாட்டைத் தாங்கி வருகின்றன. முன்னாளில் நாமெல்லாம் சேர்த்து வைத்த எம்.பி.3 பதிவுகளில் பல 1,28,000 துணுக்குகளால் ஆனவை. பதினொன்றில் ஒரு பங்கு. ஜால்ராவின் ஒலியும் தம்பூராவின் ரீங்காரமும் அவற்றில் முதலில் கெடும். இன்னும் சில பதிவுகள், பழைய பாட்டை ‘புதுப்பிக்கிறோம்’ என்று ஏற்ற இறக்கமெல்லாம் ஒழித்து ஒரே உரப்பாக்கப்பட்டவை. அவை எந்தச் சாதனத்திலும் கடுமையாகவே ஒலிக்கும். ஒரு பாட்டு மட்டும் குத்தினால் அந்தப் பதிவை ஐயுறுங்கள். எல்லாம் குத்தினால்தான் வீட்டை ஆராயுங்கள்.

காதின் நியாயம்

காது வைத்தியரின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றோமல்லவா? மனிதக் காது 2000 முதல் 5000 அதிர்வெண் வரையுள்ள ஒலிகளுக்கே மிகவும் கூர்மையானது. காதுத் துளையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டராயிருப்பதால், 3000-ஐ ஒட்டிய ஒலிகளை அது தானே பெருக்கிக் கொடுக்கிறது. ஸ்பீக்கரின் கடுமையும் பெரும்பாலும் இந்த எல்லையையும் அதற்குச் சற்று மேலும்தான் வந்து தாக்குகிறது. வயதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது; ஆனால் ஒலி சற்று ஏறினாலும் திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். “கேக்கல, உரக்கப் பேசு” என்பவரே, உரக்கப் பேசினால் “ஏன் கத்துறே?” என்று கேட்பதற்கு இதுவே காரணம். அதைக் குணக்கேடு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். காது மங்கியவருக்குக் கடுமை தெரியாது என்பது சரியன்று. நம்மைவிட அதிகமாகத் தெரியவும் கூடும்.

இன்னொன்றும் எங்களுக்குத் தோன்றியது. தாயார் சிறுவயதில் கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர். திறந்த வெளிக்கென்றே ஏற்பட்ட உரத்த வாத்தியம் அது. பத்தடி தூரத்தில் நின்று கேட்டும் அது தம்மைக் குத்தியதில்லை என்று அவர் சொன்னார். உண்மையான ஒலி எப்படியிருக்கும் என்பதற்கு வீட்டிலிருந்த அளவுகோல் அவர் காதுதான். நாங்கள் அதை நம்பாமல் விலைப்பட்டியலை நம்பினோம்.

இப்போது பிரம்பு நாற்காலி இரண்டடி தள்ளி, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. திரையும் ஜமக்காளமும் இருக்கின்றன. புது முள் ஓடுகிறது. எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சுப்ரபாதத் தட்டின் ஒரு பக்கம் பழைய முள்ளால் மிகவும் தேய்ந்துவிட்டது, அதில் சீறல் இன்றும் உண்டு, இனிப் போகாது. தாயார் அந்தப் பக்கத்தைச் சற்று மெதுவாக வைக்கச் சொல்கிறார். ஆனால் எழுந்து போவதில்லை. நாகஸ்வரத் தட்டை முழுவதும் கேட்கிறார். கீரையைக் கூடத்துக்கே கொண்டுவந்து ஆய்கிறார்.

புதிய சாதனம் வாங்கும் அன்பர்கள் கடைக்குத் திரும்பிப் போவதற்கு முன் ஒரு நாள் பொறுக்க வேண்டுகிறோம். கைதட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள், குமிழை நடுவில் வையுங்கள், முள்ளின் வயதைக் கணக்கிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டில் யார் குறை சொல்கிறாரோ, அவருடைய இடத்தில் போய் ஒரு பாட்டு நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.